பழைய இந்திப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்கள், உறவினர்கள், கூட வேலை செய்கிறவர்கள் என்று யாரிடம் "பியாசா பாருங்க", "பந்தினி பாருங்க" என்று சொன்னாலும் திரும்பி வருகிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் 1950 முதல் 1975 வரை வந்த படங்களைப் பற்றித்தான் பேச்சு. கதை முடிவுகளை மறைக்கவில்லை. முடிவு தெரிந்து பார்த்தாலும் இந்தப் படங்கள் எதையும் இழப்பதில்லை.

இந்தி சுத்தமா தெரியாது. பார்த்தா புரியுமா?

புரியும். பெரும்பாலான படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் கிடைக்கிறது. மொழி தெரியவில்லையே என்ற கூச்சமும் வேண்டாம். அந்தக் காலத்தில் வசனமும் பாட்டும் எழுதியவர்கள் பலர் உருதுவில் ஊறியவர்கள். முகல்-ஏ-ஆஸம் வசனத்தில் இந்தி பேசுகிறவர்களே அங்கங்கே தடுமாறுவார்கள்.

ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். படத்தின் முக்கியமான பாட்டுகளுக்குப் பொருளை முன்கூட்டியே ஒரு தடவை படித்துவிடுங்கள். வசனத்துக்கெல்லாம் சப்டைட்டில் போட்டுவிட்டு, பாட்டு வந்ததும் வெறுமனே விட்டுவிடுகிற பிரதிகள் நிறைய உண்டு. பாட்டு புரியாவிட்டால் படத்தில் பாதி போய்விடும். அது ஏன் என்று பாட்டுகளைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

எந்தப் படத்துல ஆரம்பிக்கலாம்?

ஹிருஷிகேஷ் முகர்ஜியின் ஆனந்த் (1971). சுமார் இரண்டு மணி நேரம்தான். புற்றுநோயால் சாகப்போகிறவன் சிரித்துக்கொண்டே இருக்கிறான். அவனைக் காப்பாற்ற முடியாத டாக்டர் கோபத்தோடு இருக்கிறார். ராஜேஷ் கன்னா உச்சத்தில் இருந்த நேரம், அமிதாப் பச்சன் இன்னும் பெரிய நட்சத்திரம் ஆகாத நேரம். நாயகன் செத்துப்போவான் என்று முதல் காட்சியிலேயே சொல்லிவிடுகிறார்கள். அப்படியும் கடைசியில் டேப் ரிக்கார்டரில் அவன் குரல் கேட்கும்போது தொண்டை அடைக்கிறது.

அடுத்து ஷோலே, அதற்கப்புறம் பியாசா. மதர் இந்தியாவை எடுத்த எடுப்பில் பார்க்க வேண்டாம். அந்தக் கால நடிப்பின் அளவுக்குக் கண்ணும் காதும் கொஞ்சம் பழகிய பிறகு பார்த்தால்தான் அதன் முழு பலமும் தெரியும்.

பழசா இருந்தாலே கிளாசிக்கா?

இல்லவே இல்லை. அந்த இருபத்தைந்து வருடத்தில் வந்தவற்றில் பெரும்பாலானவை மறந்துபோனவைதான், மறக்கப்பட வேண்டியவையும்தான். நான் பார்க்கிற அடையாளம் ஒன்று உண்டு. நம் வயது ஏற ஏற அந்தப் படம் வேறொருவரின் கதையாக மாற வேண்டும். எம்.எஸ். சத்யுவின் கரம் ஹவாவை இருபது வயதில் பார்த்தால், படித்துவிட்டு வேலைக்கு அலையும் சிக்கந்தரின் படம். ஐம்பதில் பார்த்தால் அவன் அப்பா சலீம் மிர்ஸாவின் படம். அதற்கும் மேலே போனால், வீட்டை விட்டுக் கிளம்ப மறுத்து ஒளிந்துகொள்ளும் அந்தப் பாட்டியின் படம்.

ஏன் இத்தனை பாட்டு? ஓட்டிவிட்டுப் பார்த்தா என்ன?

அதிகம் வருகிற கேள்வி இதுதான். தயவுசெய்து ஓட்டாதீர்கள். இந்தப் படங்களில் நல்லவை எல்லாவற்றிலும், கதையைத் திருப்பிப்போடும் கட்டம் பெரும்பாலும் பாட்டுக்குள்தான் நடக்கிறது. பாத்திரங்கள் வாயால் சொல்ல முடியாததைப் பாட்டு சொல்கிறது. இவை இன்னும் நிற்பதற்கு முதல் காரணமாக நான் நினைப்பது இதைத்தான்.

பிமல் ராயின் பந்தினி (1963) கடைசிக் காட்சியைப் பாருங்கள். கொலைக் குற்றத்துக்காகச் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்த கல்யாணி, தன்னை மணக்கக் காத்திருக்கும் நல்ல டாக்டரிடம் போய்க்கொண்டிருக்கிறாள். வழியில் படகுத்துறையில், அவள் வாழ்க்கை குலைவதற்குக் காரணமான பழைய காதலன் நோயாளியாக இருக்கிறான். அவன் ஒரு ஸ்டீமரில் ஏறப்போகிறான். இந்தப் பக்கம் ரயில், அந்தப் பக்கம் ஸ்டீமர். அவள் பேசுவதில்லை. எஸ்.டி. பர்மன் தன் சொந்தக் குரலில் ஒரு படகோட்டிப் பாட்டைப் பாடுகிறார். திரையில் பாடுகிற ஆள் கிடையாது. கல்யாணியாக நடித்த நூதனின் முகம் மட்டும். பாட்டு ஏற ஏற அந்த முகம் கரைந்து, கடைசியில் அவள் ஸ்டீமரை நோக்கி ஓடுகிறாள். இதை ஓட்டிவிட்டால், "என்ன இவள், நல்லவனை விட்டுவிட்டு இவனிடம் போகிறாளே" என்ற எரிச்சல்தான் மிஞ்சும். பாட்டோடு பார்த்தவருக்கு அந்த எரிச்சலோடு சேர்த்து அவள் மனமும் புரியும்.

ராஜ் கபூரின் ஆவாராவில் (1951) நீதிபதி தன் கர்ப்பிணி மனைவியைச் சந்தேகப்பட்டு வெளியே துரத்துகிறார். அந்த நேரம் தெருவில் ஒரு கூட்டம் ஜனகன் மகள் பட்ட துன்பத்தைப் பாடிக்கொண்டிருக்கிறது. நீதிபதி மீது குற்றம் சாட்டுவது அந்தப் பாட்டுதான்; வேறு எந்தப் பாத்திரமும் அந்த இடத்தில் வாய் திறப்பதில்லை. குரு தத்தின் பியாசாவில் (1957) சிவப்பு விளக்குப் பகுதியில் கவிஞன் தள்ளாடி நடக்கும் பாட்டும் அப்படித்தான். நோயில் கிடக்கும் தன் குழந்தை அழ அழ ஒருத்தி ஆடவேண்டியிருப்பதைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறான். நாட்டை நினைத்துப் பெருமைப்படுகிறவர்கள் எங்கே என்று சாஹிர் லுதியான்வியின் வரிகளில் கேட்கிறான். விடுதலை கிடைத்துப் பத்தே வருடம் ஆன நாட்டில், கொட்டகை நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் பின்னணிப் பாடகர் ரஃபி இதைப் பாடுகிறார்.

கறுப்பு வெள்ளைன்னாலே டல்லா இருக்கே?

தேய்ந்துபோன பிரதியைப் பார்த்திருப்பீர்கள். நல்ல பிரதியில் குரு தத்தின் காகஸ் கே ஃபூல் (1959) பாருங்கள். இந்தியில் முதல் சினிமாஸ்கோப் படம் அதுதான். ஒளிப்பதிவு வி.கே. மூர்த்தி, மைசூர்க்காரர். காலி ஸ்டுடியோ ஒன்றில் வயதான இயக்குநரும் இளம் நடிகையும் தள்ளித் தள்ளி நிற்கிறார்கள். மேலேயிருந்து ஒரே ஒரு ஒளிக்கற்றை சாய்வாக இறங்குகிறது. அது விளக்கு இல்லை, வெயில். வெளியே ஒரு பெரிய கண்ணாடியை வைத்து வெயிலை உள்ளே திருப்பி, உள்ளே உயரத்தில் வைத்த இன்னொரு கண்ணாடியால் அதைக் கீழே இறக்கினார் மூர்த்தி. ஒளிக்குள் தூசு மிதப்பதுகூடத் தெரியும்.

அந்த இடத்திலும் பாட்டுதான், கீதா தத் குரலில். இரண்டு பேரும் உதடு அசைக்காமல் நிற்கிறார்கள். பின்னாளில் தாதாசாகேப் பால்கே விருது பெற்ற முதல் ஒளிப்பதிவாளர் மூர்த்திதான்.

முகல்-ஏ-ஆஸம் கலர்ல பார்க்கணுமா, கறுப்பு வெள்ளையிலயா?

இயக்குநர் கே. ஆஸிஃப் விட்டுச்சென்ற வடிவத்தில் பாருங்கள். 1960-ல் வந்த அந்தப் படம் பெரும்பகுதி கறுப்பு வெள்ளை. கண்ணாடி மாளிகைப் பாட்டும் கடைசிப் பகுதியும் மட்டும் வண்ணத்தில் எடுக்கப்பட்டவை. 2004-ல் முழுவதும் வண்ணம் ஏற்றி வெளியிட்டார்கள். அந்தப் பிரதி புதிய தலைமுறையைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தது, அதை மதிக்கிறேன். ஆனால் எல்லாமே வண்ணமாகிவிட்டால் அந்தப் பாட்டு திடீரென்று நிறமாக வெடிக்கும் அதிர்ச்சி போய்விடுகிறது.

மதுபாலா, சக்கரவர்த்தி அக்பரின் முகத்துக்கு நேராக, "காதலித்தேன், பயமென்ன" என்று பாடுகிறாள். அக்பர் நிமிர்ந்து பார்த்தால் கூரையில் பதித்த கண்ணாடிகள் எல்லாவற்றிலும் அவள் ஆடுகிறாள். அரண்மனையின் உடைமையே அவள் பக்கம் சேர்ந்துவிட்டது. நிறம் அந்த இடத்துக்கு வரவேண்டும் என்று காத்திருந்து வருவதுதான் அழகு. இந்தப் படம் 1961-ல் தமிழில் 'அக்பர்' என்ற பெயரில் டப்பிங் ஆகி வந்தது, ஓடவில்லை.

ஓடாத படமெல்லாம் எப்படி கிளாசிக் ஆச்சு?

மேலே சொன்ன காகஸ் கே ஃபூல் வந்தபோது படுதோல்வி. அதற்குப் பிறகு குரு தத் தன் பெயரில் ஒரு படம்கூட இயக்கவில்லை. 1964-ல், 39 வயதில் இறந்துபோனார். பாடலாசிரியர் ஷைலேந்திரா தயாரித்த தீஸ்ரி கஸமும் (1966) அப்படித்தான். மாட்டுவண்டிக்காரனும் நௌடங்கி என்ற நாட்டுப்புற நாடகத்தின் ஆட்டக்காரியும் ஒன்றுசேராமல் பிரிகிற கதை. முடிவை மாற்றச் சொன்னார்கள், அவர் கேட்கவில்லை. படம் வந்த அதே வருடம் டிசம்பரில் ஷைலேந்திரா காலமானார். படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது.

இவை உயிரோடு இருந்ததற்கு வானொலி பெரிய காரணம். 1950-களில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கி வைத்தபோது, இலங்கை வானொலி அவற்றை இந்தியா முழுக்கக் கேட்கவைத்தது. அமீன் சயானி தொகுத்து வழங்கிய பினாகா கீத்மாலா என்ற பாட்டு நிகழ்ச்சிக்காக வாரா வாரம் ஊரே ரேடியோ முன்னால் உட்கார்ந்தது. அப்புறம் விவித்பாரதி வந்தது. படம் கொட்டகையை விட்டுப் போனாலும் பாட்டு வீட்டில் இருந்தது. பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் பிற்காலத்தில் படத்தைத் தேடிப் போனார்கள்.

ஆவாரா ரஷ்யாவுல அப்படி ஓடுச்சுன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. 1954-ல் சோவியத் நாட்டில் திரையிடப்பட்டு பெரும் வெற்றி பெற்றது. ராஜ் கபூரும் நர்கிஸும் அங்கே போனபோது கூட்டம் மொய்த்தது. ஸ்டாலின் இறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. போரில் அப்பாவை இழந்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருந்த நாடு அது. அப்பன் இல்லாமல் தெருவில் வளர்ந்தவன், கிழிந்த சட்டையோடு, யாரையும் வெறுக்காமல் பாடிக்கொண்டு போகிறான். அது அவர்களுக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

குற்றவாளியின் மகன் குற்றவாளிதான் என்று நம்புகிற நீதிபதியின் மகனே திருடனாகிறான் என்பதுதான் கே.ஏ. அப்பாஸ் எழுதிய கதையின் முடிச்சு. பிறப்பா வளர்ப்பா என்ற அந்த வழக்கு எந்த நாட்டிலும் எடுபடும். அப்பாவாக நடித்தவர் ராஜ் கபூரின் சொந்த அப்பா பிருத்விராஜ் கபூர். சின்ன வயது ராஜாக வருவது தம்பி சசி கபூர்.

எல்லாமே அழுகைப் படமா?

இல்லை. சல்தி கா நாம் காடி (1958) பாருங்கள். அசோக் குமார், அனூப் குமார், கிஷோர் குமார் என்று நிஜ அண்ணன் தம்பிகள் மூவரும் படத்திலும் சகோதரர்கள், கார் மெக்கானிக்குகள். மழை இரவில் நனைந்துகொண்டு மதுபாலா காரை ரிப்பேருக்குக் கொண்டுவருகிறார். கிஷோர் ரிப்பேர் வேலையோடு பாட்டையும் பாடுகிறார். வேறு விளக்கம் வேண்டாம், போய்ப் பாருங்கள்.

மதர் இந்தியா ரொம்ப ஓவர் மெலோடிராமா இல்லையா?

உணர்ச்சி கூடுதல்தான். ஆனால் கூடுதலாக இருப்பது வேறு, பொய்யாக இருப்பது வேறு. மெஹபூப் கானின் மதர் இந்தியா (1957) அவரே 1940-ல் எடுத்த ஔரத்தின் மறு ஆக்கம். வட்டிக்காரன் சுக்கிலாலாவாக இரண்டிலும் கன்ஹையாலால்தான். அவர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டும் விதத்தைப் பாருங்கள், அதில் மெலோடிராமாவே கிடையாது. படிப்பில்லாத குடும்பத்துக்கு அந்தப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. பயிர் முழுக்க அதற்குள் போகிறது. மகன் பிர்ஜு அந்தப் புத்தகத்தின் மேல் வைக்கும் கோபம்தான் அவனைக் கொள்ளைக்காரனாக்குகிறது.

அவன் அந்த வட்டிக்காரனின் மகளையே தூக்கிக்கொண்டு போகும்போது அம்மா ராதா அவனைச் சுடுகிறாள், பிறகு ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள். அவள் செய்தது சரியா என்று எத்தனை தடவை பார்த்தாலும் என்னால் ஒரு பக்கம் சாய முடியவில்லை. அம்மாவாக நடித்த நர்கிஸும் மகனாக நடித்த சுனில் தத்தும் ஒரே வருடம் பிறந்தவர்கள் என்பது படம் பார்க்கும்போது நினைவுக்கே வராது. ஆஸ்கரின் வெளிநாட்டுப் படப் பிரிவில் இறுதிப் பட்டியலுக்குப் போன முதல் இந்தியப் படமும் இதுதான்.

பெண்கள் எல்லாரும் தியாகம் பண்ணிட்டே இருப்பாங்களே, இப்போ எப்படிப் பார்க்கிறது?

அப்படிப்பட்ட படங்கள் ஏராளம். அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஆனால் நிலைத்தவற்றில் பல அந்த அச்சை மீறியவை. மேலே சொன்ன பந்தினியில் கல்யாணி காதலனின் மனைவிக்கு விஷம் வைத்தவள். அந்தக் காட்சியில் வெளியே இரும்படிக்கும் சத்தம், அவள் முகத்தில் வெளிச்சம் வந்து வந்து போகிறது. நூதன் ஒரு வசனமும் பேசுவதில்லை. 1963-ல் ஒரு நாயகியைக் கொலைகாரியாக்கி, அவளுக்காக நம்மை உருகவும் வைத்தார் பிமல் ராய்.

விஜய் ஆனந்தின் கைடு (1965) இன்னொன்று. ரோஸி திருமணமானவள். நாட்டியத்தை மதிக்காத, தன்னை ஏமாற்றுகிற கணவனை விட்டு வெளியே வருகிறாள். வெளியே வந்த பெண்ணைப் படம் தண்டிப்பதில்லை. லாரியின் பின்னால் உட்கார்ந்தும் சித்தூர்க் கோட்டையின் விளிம்பில் நடந்தும் அவள் பாடுகிற அந்த ஒரு பாட்டில், மறுபடியும் வாழ ஆசை வருகிறது என்கிறாள். நடித்தவர் வஹீதா ரஹ்மான், நம் செங்கல்பட்டில் பிறந்தவர். நாட்டியம் தெரிந்தவர் என்பதால்தான் அந்தப் பாத்திரத்துக்கு எலும்பும் சதையும் வந்தது.

ஆர்.கே. நாராயணே கைடு படத்தை ஏத்துக்கலையாமே? அப்புறம் எப்படி நல்ல படம்?

ஏற்கவில்லை, எழுதியே கண்டித்தார். படம் அவருடைய நாவலிலிருந்து எடுத்தது; நாவல் நடக்கும் மால்குடி தென்னிந்தியச் சிற்றூர். படம் கதையை ராஜஸ்தானுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நாவலின் முடிவில் மழை வருகிறதா என்பது நாயகன் ராஜுவின் வாய்ச்சொல்லாக மட்டும் நிற்கிறது. படத்தில் கொட்டித் தீர்க்கிறது. நாவலின் நமுட்டுச் சிரிப்பு படத்தில் இல்லை என்று அவர் வருந்தியது நியாயம்தான்.

ஆனாலும் படம் தன் சொந்தக் காலில் நிற்கிறது. நாவலில் ராஜுவின் கண் வழியாகத்தான் ரோஸியைப் பார்க்கிறோம். படத்தில், முன் கேள்வியில் சொன்ன அந்தப் பாட்டு அவளுக்கே சொந்தமான சில நிமிடங்களைக் கொடுக்கிறது. இரண்டையும் படித்துப் பார்த்து அனுபவியுங்கள், ஒன்றை வைத்து மற்றதை அளக்காதீர்கள்.

தமிழ் ரீமேக் பார்த்தாச்சு. ஒரிஜினலும் பார்க்கணுமா?

பாருங்கள். ஆராதனா சிவகாமியின் செல்வன் ஆனது, ஜஞ்சீர் சிரித்து வாழ வேண்டும் ஆனது, தீவார் தீ ஆனது. கதை ஒன்றாக இருக்கலாம், ஆனால் தீவாரின் (1975) பலம் கதையில் மட்டும் இல்லை. சலீம்-ஜாவேத் எழுதிய அந்தப் படத்தில் அண்ணனும் தம்பியும் பாலத்துக்கு அடியில் சந்திக்கிறார்கள், சின்ன வயதில் அவர்கள் படுத்துத் தூங்கிய அதே நடைபாதையில். அண்ணன் பங்களா, கார், பணம் என்று அடுக்குகிறான். தம்பி, என்னிடம் அம்மா இருக்கிறாள் என்கிறான். பம்பாய் நடைபாதையைத் தெரிந்தவர்கள் எழுதிய காட்சி அது.

பாதை எதிர்த்திசையிலும் உண்டு. ஸ்ரீதர் தன் நெஞ்சில் ஓர் ஆலயத்தை அடுத்த வருடமே தில் ஏக் மந்திர் (1963) என்று தானே இந்தியில் எடுத்தார்.

ஷோலே வெஸ்டர்ன் காப்பிதானே?

ஜப்பானியப் படமான செவன் சாமுராயும் இத்தாலிய வெஸ்டர்ன்களும் அதில் இருக்கின்றன, யாரும் மறைக்கவில்லை. ஆனால் சால்வை போர்த்திய தாக்கூரும், விதவையாக வெள்ளைப் புடவையில் விளக்கேற்றும் ராதாவும் எந்த வெஸ்டர்னிலும் கிடையாது. அந்தி மங்கும் சில நிமிட வெளிச்சத்துக்காகக் காத்திருந்து பல நாள் எடுத்த காட்சி அந்த விளக்குக் காட்சி. அவள் மாடியில் ஒவ்வொரு விளக்காகத் தணிக்கிறாள், கீழே ஜெய் மவுத் ஆர்கன் வாசிக்கிறான். பாட்டின் வேலையை இங்கே அந்த வாத்தியம் செய்கிறது. ஊர் முழுக்க முழங்கும் சண்டைப் படத்துக்குள் இப்படி ஒரு காதல், இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல்.

நாம் இத்தனை நாள் பார்த்த முடிவு முதலில் எடுத்தது இல்லை. தாக்கூர் ஆணி பதித்த செருப்பால் கொள்ளைக்காரன் கப்பரைக் கொல்வதாக எடுத்திருந்தார்கள். அவசரநிலைக் காலம், முன்னாள் போலீஸ் அதிகாரி சட்டத்தைக் கையில் எடுக்கக்கூடாது என்று தணிக்கையில் மாற்றச் சொன்னார்கள். பழைய முடிவோடு மீட்டெடுத்த பிரதி இப்போது வந்திருக்கிறது. கைகளை இழந்தவன் கால்களால் பழிதீர்ப்பதுதான் கதையின் கணக்குக்குச் சரியானது என்பது என் கட்சி.

பிரிவினையைப் பத்தி அந்தக் காலப் படங்கள் வாயே திறக்கலையாமே?

முழுக்க அப்படி இல்லை. லாகூர் (1949), சலியா (1960), தர்மபுத்ரா (1961) எல்லாம் உண்டு. ஆனால் புண்ணை நேராகத் தொட்டுப் பார்த்தது முன்பே சொன்ன கரம் ஹவாதான். ஆக்ராவின் செருப்புத் தொழில் செய்யும் முஸ்லிம் குடும்பம். ஒவ்வொருவராக எல்லை தாண்டிப் போகிறார்கள். ரத்தம் கொட்டும் கலவரத்தைக் காட்டுவதைவிட, கடன் கொடுக்க மறுக்கும் வங்கியையும் வாடகைக்கு வீடு கிடைக்காத அலைச்சலையும்தான் படம் காட்டுகிறது. அதனால்தான் இன்றைக்கும் சுடுகிறது. தணிக்கையில் மாதக்கணக்கில் சிக்கி 1974-ல்தான் வெளிவந்தது. சலீம் மிர்ஸாவாக நடித்த பல்ராஜ் சாஹ்னி 1973 ஏப்ரலிலேயே இறந்துவிட்டார், படத்தைப் பார்க்கவில்லை.

உங்களுக்கே சலிப்பு தட்டின கிளாசிக் இருக்கா?

மேரா நாம் ஜோக்கர் (1970). நான்கு மணி நேரத்துக்கு மேல், இரண்டு இடைவேளை. பள்ளிக்கூடப் பையனாக ரிஷி கபூர் வரும் முதல் பகுதி அருமையானது, தனிப்படமாகவே பார்க்கலாம். பத்மினி வரும் மூன்றாம் பகுதிக்கு வரும்போது ராஜ் கபூர் தன்னையே நினைத்து உருகுவது தாங்கவில்லை. பாட்டுகள் மட்டும் கடைசிவரை குறைவைக்கவில்லை.

படோசன்ல மெஹ்மூத் நம்மளைக் கிண்டல் பண்றாரே, அதை எப்படி ரசிக்கிறீங்க?

கோபம் நியாயமானது. படோசனில் (1968) அவர் செய்யும் பாட்டு வாத்தியார் பிள்ளை, குடுமியும் இழுத்த பேச்சுமாக, தென்னாட்டுக்காரன் என்றாலே இப்படித்தான் என்ற அச்சில் வார்த்த பாத்திரம். அதைச் சிரிப்பு என்று சொல்லிக் கடந்துபோக நான் யாரையும் கேட்கமாட்டேன். இதே கதை 1960-லேயே தமிழில் அடுத்த வீட்டுப் பெண்ணாக வந்துவிட்டது.

ஆனால் அந்தப் புகழ்பெற்ற போட்டிப் பாட்டில் நடப்பதைக் கவனியுங்கள். எதிர்வீட்டு ஜன்னலில் சுனில் தத் வெறுமனே வாயசைக்கிறார், மறைந்து நின்று பாடுவது கிஷோர் குமாரின் பாத்திரம். அந்தப் போட்டியில் தன் குரலில் நேராகப் பாடுகிறவர் பிள்ளை ஒருவர்தான், மன்னா டேயின் குரலில், ஸ்வரம் பிசகாமல். அவர் ஏமாற்றப்பட்டுத்தான் தோற்கிறார். படம் யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறதோ அவர் பக்கம்தான் சங்கீதம் இருக்கிறது. யூடியூபில் பாட்டை மட்டும் வெட்டிப் பார்த்தால் இது பிடிபடாது, முன்னும் பின்னும் உள்ள காட்சிகளோடு பாருங்கள்.